வானத் தந்தையின் பெயர்

கிரேக்க நாட்டுப் பழங்கதைகளைப் படித்தவர் எவரும் ஜீயஸ் என்ற பெயரை அறிவர். ஒலிம்பஸ் மலைமீது வீற்றிருந்து, இடியைப் படைக்கலமாகக் கொண்டு, தேவர்க்கெல்லாம் தலைவனாய் விளங்கியவன் அவன். அவனுடைய வெற்றிகளையும் சீற்றங்களையும் கதை கதையாகக் கேட்கிறோம். ஆயினும், ‘ஜீயஸ்’ என்னும் அச்சொல்லுக்குப் பொருள் என்ன என்று நின்று வினவுவோர் சிலரே. வினவியவர்க்குக் கிடைத்த விடை வியப்பானது. அந்த ஒரு பெயரைப் பற்றிக்கொண்டு சென்ற அறிஞர், எழுத்தே தோன்றாத ஒரு காலத்து மக்கள் வானத்தை நோக்கி என்ன சொல்லி அழைத்தனர் என்பதைக் கண்டுகொண்டனர். அவ்வாராய்ச்சி நடந்த வழியையும், அதில் நேர்ந்த பிழைகளையும், அது நமக்கு உணர்த்தும் எச்சரிக்கையையும் இன்று காண்போம்.

முதலில் நம் வீட்டு நாட்காட்டியை நோக்குவோம். வியாழக்கிழமை என்கிறோம். கிழமை என்பதற்கு உரிமை என்று பொருள். வியாழனுக்கு உரிய நாள் வியாழக்கிழமை. வியாழன் என்னும் அக்கோளைக் கிரேக்கர் ஜீயஸின் விண்மீன் என்றனர். உரோமர் ஜூபிடர் என்றனர். உரோமர் அந்நாளை ஜூபிடரின் நாள் என்று வழங்கினர். அதுவே பிரெஞ்சு மொழியில் ‘ஜெதி’ எனவும், இத்தாலிய மொழியில் ‘ஜொவெதீ’ எனவும் இன்றும் வழங்குகிறது. கோள்களின் பெயரால் அமைந்த ஏழு நாள் வாரம் உலகெங்கும் பரவியதால், தமிழ்ச் சிறுவன் ஒருவன் வியாழக்கிழமை என்று சொல்லும் அதே நாளை, உரோம் நகரச் சிறுவனும் ஜூபிடரின் பெயரால் சொல்கிறான். ஜூபிடர் யார், ஜீயஸ் யார் என்பதே இனி நம் கேள்வி.

கிரேக்க மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவன் ஜீயஸ் என்ற பெயரில் ஒரு புதிரைக் காண்பான். தமிழில் ‘முருகன்’ என்ற பெயரோடு வேற்றுமை உருபு சேர்ந்தால் முருகனை, முருகனுக்கு, முருகனது என்று வரும். அடிச்சொல் மாறுவதில்லை. கிரேக்கத்திலோ எழுவாயாக நிற்கும்போது ‘ஜெயுஸ்’ என்பர். ‘ஜீயஸினுடைய’ என்று சொல்ல வேண்டின் ‘தியோஸ்’ என்பர். ‘ஜீயஸை’ என்று சொல்ல வேண்டின் ‘தியா’ என்பர்; ‘ஜேன’ என்றும் சொல்வர். ஒருவன் பெயர் ஒரு வாக்கியத்தில் ஜகரத்தில் தொடங்கி, அடுத்த வாக்கியத்தில் தகரத்தில் தொடங்குவானேன்?

கிரேக்கர்களே இதனைக் கண்டு மயங்கினர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளேட்டோ ‘கிராத்திலஸ்’ என்னும் உரையாடல் நூலில் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். ‘ஜேன’ என்பது வாழ்தல் என்னும் பொருளுடைய ‘ஜேன்’ என்ற சொல்லை நினைவூட்டுகிறது. ‘தியா’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘வாயிலாக’ என்றும் பொருள் உண்டு. ஆகவே, எவன் வாயிலாக உயிர்கள் வாழ்கின்றனவோ அவனே இவன் என்று அந்நூலில் சாக்கிரட்டீஸ் உரைக்கிறார். கேட்பதற்கு இனிய விளக்கம், ஆயினும் மெய்யன்று. ஒரு மொழியின் சொற்களை அம்மொழிக்குள்ளேயே வைத்து, ஒலி ஒப்புமை ஒன்றையே துணையாகக் கொண்டு பொருள் காண முயன்றால், பிளேட்டோவைப் போன்ற பேரறிஞரும் வழி தவறுவர் என்பதற்கு இது சான்று.

புதிருக்கு விடை கிரேக்க நாட்டுக்கு வெளியே இருந்தது. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ், 1784-இல் அங்கு ஆசியக் கழகத்தை நிறுவினார். 1786 பிப்ரவரித் திங்கள் 2-ஆம் நாள் அக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை வரலாற்றில் இடம்பெற்றது. வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் வினையடிகளிலும் இலக்கண அமைப்பிலும் ஒத்திருப்பது தற்செயலாக நேர்ந்திருக்க இயலாது. இம்மூன்றும் இன்று வழக்கில் இல்லாத ஒரு பொது மொழியிலிருந்து பிறந்திருத்தல் வேண்டும் என்று அவர் கூறினார். 1816-இல் செருமானிய அறிஞர் பிரான்ஸ் பாப், வினைச்சொற்களை ஒப்பிட்டு நூல் எழுதி இக்கருத்துக்கு உறுதி தந்தார். அப்பொது மொழியை இன்று இந்தோ-ஐரோப்பிய மூலமொழி என்பர். அது வழங்கிய காலம் இன்றைக்கு ஏறத்தாழ ஐயாயிரம், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து.

இனி வடமொழிச் சொல் ஒன்றைப் பார்ப்போம். இருக்கு வேதத்தில் வானத்தைக் குறிக்கும் சொல் ‘தியௌஸ்’ என்பது. ‘வானத்தினுடைய’ என்று சொல்ல வேண்டின் ‘திவஸ்’ என்று வரும். ‘வானத்தை’ என்பதற்குத் ‘தியாம்’ என்று வரும். கிரேக்கப் புதிரின் வடிவம் அப்படியே இங்கும் இருப்பதைக் காணுங்கள்! கிரேக்கம் ஜெயுஸ் என்ற இடத்தில் வடமொழி தியௌஸ் என்கிறது. கிரேக்கம் தியோஸ் என்ற இடத்தில் வடமொழி திவஸ் என்கிறது. கிரேக்கம் ஜேன் என்ற இடத்தில் வடமொழி தியாம் என்கிறது; இலத்தீனில் நாள் என்னும் பொருளில் ‘தியெம்’ என்பது அதே உருவம். சொல் மட்டுமா ஒத்தது? சொல் தன் அடியை மாற்றிக்கொள்ளும் முறையும் ஒத்தது. ஒரு சொல் மற்றொரு சொல்லை ஒத்திருப்பது தற்செயலாக நிகழலாம். இரு சொற்களும் தத்தம் இலக்கணத்தில் ஒரே இடத்தில், ஒரே முறையில் திரிவது தற்செயலாக நிகழ்வதன்று.

‘தி’ என்ற ஒலியை அடுத்து யகரம் வரும்போது கிரேக்கத்தில் அது ஜகரமாகத் திரிந்தது என்பதே விளக்கம். தமிழர்க்கு இது புதிதன்று. ‘வித்யா’ என்ற வடசொல் பிராகிருதத்தில் ‘விஜ்ஜா’ ஆயிற்று. தமிழில் ‘விச்சை’ ஆயிற்று. தகரமும் யகரமும் கூடிய ஒலி நாவின் எளிமை கருதி ஜகரமாயும் சகரமாயும் திரிதல் பல மொழிகளில் காணப்படும். ஆக, ஜெயுஸ் என்பதற்கு முன்னைய வடிவம் ‘தியேயுஸ்’ என்பது. உருபு சேரும்போது அவ்வடி குறுகித் ‘திவ்’ என்றாகும். அதிலிருந்து ‘திவோஸ்’ என்ற வடிவம் பிறந்து, பின்னர் இடையில் இருந்த வகரம் தேய்ந்து ‘தியோஸ்’ ஆயிற்று. பிளேட்டோ இரண்டு பெயர்கள் என்று எண்ணியது உண்மையில் ஒரே பெயரின் இரண்டு முகங்களாகும்.

பொருள் என்ன? ஒளிர்தல் என்பதே வேரின் பொருள். ஒளிரும் பகல் வானமே தியேயுஸ். கிரேக்கர் அப்பொருளை முற்றும் மறந்துவிடவில்லை. தெளிந்த வானிலையை அவர்கள் ‘எயுதியா’ என்றனர். நல்ல வானம் என்பது அதன் பொருள். மழை பெய்கிறது என்பதை ‘ஜீயஸ் பொழிகிறான்’ என்றனர். உரோமக் கவிஞரும் திறந்த வெளியில் இருத்தலை ‘ஜூபிடரின் கீழ்’ இருத்தல் என்று கூறினர். தெய்வத்தின் பெயரும் வானத்தின் பெயரும் ஒன்றாயிருந்த பழைய நினைவு இவ்வழக்குகளில் ஒளிந்து கிடந்தது.

இவ்வானத்தை மூலமொழி மக்கள் வெறும் வானமாகக் கருதவில்லை. தந்தை என்று அழைத்தனர். இருக்கு வேதத்தில் ‘தியௌஸ் பிதா’ என்ற தொடர் உண்டு. ஹோமரின் காவியங்களில் ‘ஜெயு பாதெர்’ என்று ஜீயஸை விளிப்பர். தந்தையே ஜீயஸ் என்பது பொருள். உரோமரின் ‘யூப்பிதெர்’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘தியேயு பாதெர்’ என்றே கிடைக்கும். தொடக்கத்துத் தகரம் தேய்ந்து யகரம் மட்டும் நின்றது. அதையே ஆங்கிலேயர் ஜகரமாக ஒலித்து ஜூபிடர் என்றனர். இத்தாலி நாட்டில் இலத்தீனுக்கு உறவான உம்பிரிய மொழியில் எழுதப்பட்ட இகூவிய வெண்கல ஏடுகளிலும் இத்தெய்வம் ‘யுவே பத்ரே’ என்று தந்தைப் பெயரோடு குறிக்கப்படுகிறான். 

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஜூபிடர் என்பது எழுவாய் வடிவமன்று, விளி வடிவம். வானத் தந்தையே என்று கூவி அழைத்த குரலே நாளடைவில் பெயராய் நிலைத்துவிட்டது. நம் வீடுகளில் நிகழ்வதும் இதுவே. ‘அப்பன்’ என்பது பெயர். ‘அப்பா’ என்பது விளி. ஆயினும் ‘அப்பா வந்தார்’ என்று விளியையே எழுவாயாக்கிப் பேசுகிறோம். எந்தப் பெயரை மக்கள் அழைப்பதற்கே பெரிதும் பயன்படுத்துகிறார்களோ, அப்பெயரின் விளி மற்ற வடிவங்களை வென்றுவிடும். உரோமர் தம் தெய்வத்தை எத்துணை முறை அழைத்திருத்தல் வேண்டும் என்பதை அவர்கள் மொழியே காட்டிக்கொடுக்கிறது.

இவ்வளவில் மாணவர் ஒருவர், ‘அப்படியானால் ஒத்த ஒலியுடைய சொற்களையெல்லாம் உறவாக்கிவிடலாமே’ என்று எண்ணக்கூடும். அங்கேதான் பெரும் பள்ளம் இருக்கிறது. மொழியறிஞர் ஒப்புமையை நம்புவதில்லை; ஒழுங்கை நம்புகின்றனர். எடுத்துக்காட்டுகள் கூறுவோம்.

வடமொழியில் மூன்றாம் தகரம் வரும் இடத்தில், கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அதே ஒலி வரும். ஆங்கிலத்தில் அது வல்லோசையாகத் திரியும். துவிதம், தசம், தந்தம் என்ற வடசொற்களை நாம் அறிவோம். இரண்டு, பத்து, பல் என்பன அவற்றின் பொருள். இலத்தீனில் இவை ‘துவோ’, ‘தெகெம்’, ‘தெந்தெம்’ என வரும். ஆங்கிலத்திலோ ‘டூ’, ‘டென்’, ‘டூத்’ என்றாகும். இவ்வொழுங்கை விரிவாக நிறுவியவர் செருமானியரான யாக்கோப் கிரிம், ஆண்டு 1822. சிறுவர்க்கான நாட்டுக் கதைகளைத் தம்பியோடு சேர்ந்து தொகுத்த அதே கிரிம் அவர்.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டு ஆங்கிலத்தில் செவ்வாய்க்கிழமையைக் குறிக்கும் ‘டியூஸ்டே’ என்ற சொல்லை அளந்து பாருங்கள். ‘டியூ’ என்பது பழைய செருமானிய மக்கள் வணங்கிய ‘தீவ்’ என்ற தெய்வத்தின் பெயர். வட நாட்டார் அவனை ‘டீர்’ என்பர். உரோமரின் போர்த் தெய்வமான செவ்வாய்க்கு இணையாக அவனைக் கொண்டு, செவ்வாயின் நாளை அவன் பெயரால் வழங்கினர். அவன் பெயரின் முதலெழுத்து ஆங்கிலத்தில் வல்லோசை. ஆகவே விதிப்படி வடமொழியின் மூன்றாம் தகரத்துக்கு ஒக்கும். அது ‘தேவ’ என்ற சொல்லுக்கும் இலத்தீனின் ‘தெயுஸ்’ என்ற சொல்லுக்கும் உறவாகும். அச்சொல்லின் பின்பகுதியான ‘டே’ என்பது நாள் எனப் பொருள்படும். இலத்தீனில் நாளைக் குறிக்கும் ‘தியேஸ்’ என்ற சொல்லோடு அது எவ்வளவு ஒத்திருக்கிறது! ஆயினும் உறவன்று. உறவாக இருப்பின் இலத்தீனின் அத்தகரம் ஆங்கிலத்தில் வல்லோசையாக மாறியிருத்தல் வேண்டும், மாறவில்லை. ஆக, டியூஸ்டே என்னும் ஒரே சொல்லில், தேவனோடு ஒப்புமை தோன்றாத முன்பகுதி உறவாகவும், தியேஸோடு ஒப்புமை தோன்றும் பின்பகுதி அயலாகவும் இருக்கின்றன.

மற்றொன்று இன்னும் வியப்பானது. கிரேக்க மொழியில் கடவுளைக் குறிக்கும் பொதுச்சொல் ‘தெயோஸ்’. இலத்தீனில் ‘தெயுஸ்’. இரண்டும் கடவுளையே குறிப்பன. ஒலியும் ஏறத்தாழ ஒன்றே. உறவு என்று எவரும் உடனே துணிவர். ஆனால், கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து மூச்சொலி கலந்த தகரம். வடமொழியின் நான்காம் தகரத்துக்குக் கிரேக்கத்தில் அவ்வெழுத்தும், இலத்தீனில் சொல் முதலில் ‘ஃப’ என்ற ஒலியும் வருதல் ஒழுங்கு. தூமகேது என்பதில் உள்ள ‘தூமம்’ புகையைக் குறிக்கும். அதற்கு இணையான இலத்தீன் சொல் ‘ஃபூமுஸ்’. கிரேக்கத்தில் உள்ளக் கிளர்ச்சியைக் குறிக்கும் ‘தூமோஸ்’ அதன் உடன்பிறப்பு. ஆகவே கிரேக்கத் தெயோஸுக்கு இலத்தீனில் உறவுச்சொல் தேட வேண்டின், ஃபகரத்தில் தொடங்கும் சொற்களிடையே தேட வேண்டும். திருவிழாவைக் குறிக்கும் ‘ஃபெஸ்துஸ்’, ‘ஃபேரியே’ முதலிய சொற்களே அதன் சுற்றம் என்று அறிஞர் கருதுவர். கடல் கடந்த மெக்சிகோ நாட்டின் பழங்குடியான அஸ்தேக்கரும் தெய்வத்தைத் ‘தெயோத்ல்’ என்றனர். கிரேக்கருக்கும் அவர்க்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஒலிகள் சிலவே, சொற்களோ பல்லாயிரம். ஆதலின் இத்தகைய ஒப்புமைகள் எங்கும் நேரும்.

அறிஞர்களும் இவ்வளவுகோலால் திருத்தப்பட்டனர். ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக விளங்கிய மாக்ஸ் முல்லர், வேதத்துத் தியௌஸும் கிரேக்க ஜீயஸும் உரோம ஜூபிடரும் வடநாட்டு டீரும் ஒரே பெயர் என்று எழுதினார். இதனைத் தம் நூற்றாண்டின் தலைசிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகப் போற்றினார். முதல் மூன்றும் இன்றளவும் உறுதியாய் நிற்கின்றன. நான்காவதான டீர் மட்டும் நேரே தியௌஸின் வழிவந்ததன்று. அவ்வேரிலிருந்தே கிளைத்த ‘தேவ’ என்ற சொல்லின் இணை என்று பின்வந்தோர் கண்டனர். டீர் என்பதன் பன்மை ‘டீவர்’. அதற்குத் தேவர்கள் என்றே பொருள். மகனென்று கருதப்பட்டவன் சிற்றப்பன் மகனாய் முடிந்தான்!

இனித் தமிழின் நிலையை ஆராய்வோம். தெய்வம், தேவர், திவசம், தினம், திவ்வியம் என்ற சொற்கள் தமிழில் வழங்குகின்றன. இவை வடமொழி வழியே தமிழுக்கு வந்த சொற்கள்; ஒளிர்தல் என்னும் அவ்வேரிலிருந்து கிளைத்தவை. மேசைமேல் நாம் வைத்திருக்கும் ‘டயரி’ என்ற சொல்லும் இலத்தீன் வழியே அவ்வேரிலிருந்தே வந்தது. தினமும் டயரியும் ஒருவயிற்றுப் பிள்ளைகள் என்று யார் எண்ணியிருப்பர்! ஆனால், இச்சொற்கள் தமிழில் இருப்பதால் தமிழ் அக்குடும்பத்து மொழி ஆகிவிடாது. விருந்தினர் வீட்டில் தங்குவதால் வீட்டாரின் குருதியுறவு ஆகிவிடுவரோ? பாப் தம் நூலை வெளியிட்ட அதே 1816-ஆம் ஆண்டில், சென்னையில் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ், தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை வடமொழியிற் பிறவாத தனிக் குடும்பம் என்று சான்றுகளோடு எழுதினார். 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் அதனை விரிவாக நிறுவினார். ஜீயஸையும் தியௌஸையும் ஒன்று சேர்த்த ஆராய்ச்சி முறையே தமிழின் தனித்தன்மையையும் நிறுவியது. சேர்ப்பதும் பிரிப்பதும் ஒரே அளவுகோலே. நமக்கு உவப்பானபோது அதனை ஏற்று, உவப்பில்லாதபோது தள்ளுதல் நேர்மையாகாது.

எழுத்துச் சான்று இல்லாத காலத்துச் சொல்லை அறிஞர் கணக்கிட்டுச் சொல்லும்போது, அதன் முன் உடுக்குறி ஒன்று இடுவது மரபு. ‘இது நாங்கள் உய்த்துணர்ந்தது, எங்கும் எழுதிக் கண்டதன்று’ என்பதற்கு அடையாளம் அது. அத்தகைய கணிப்பு மெய்யோ என்று ஐயுறுவோர் எக்காலத்தும் உண்டு. ஜீயஸின் பெயர் அவ்வையத்துக்கும் ஒரு விடை தந்தது.

1900-ஆம் ஆண்டு தொடங்கிக் கிரீட் தீவின் நோசஸ் என்னுமிடத்தில் ஆர்தர் எவன்ஸ் அகழாய்வு நடத்தினார். அங்கே களிமண் ஏடுகள் பல கிடைத்தன. அவற்றுள் ஒருவகை எழுத்துக்கு ‘நேர்கோட்டு எழுத்து ஆ’ எனப் பொருள்படும்படி ‘லீனியர் பி’ என்று பெயரிட்டனர். எவராலும் அதனைப் படிக்க இயலவில்லை. 1939-இல் கிரேக்க நாட்டின் பைலாஸ் என்னுமிடத்திலும் அவ்வெழுத்துள்ள ஏடுகளைப் பிளேகன் கண்டெடுத்தார். 1936-இல் எவன்ஸ் இவ்வேடுகளைப் பற்றிப் பேசக் கேட்ட பதினான்கு வயதுப் பள்ளி மாணவன் ஒருவன், இவற்றை நான் படிப்பேன் என்று உறுதி கொண்டான். அவன் பெயர் மைக்கேல் வென்ட்ரிஸ். வளர்ந்தபின் அவர் கட்டடக் கலைஞராகத் தொழில் செய்தார்; ஓய்வு நேரத்தில் எழுத்துகளை ஆராய்ந்தார். 1952 ஜூலை முதல் நாள், லண்டன் வானொலியில் பேசுகையில், அம்மொழி கிரேக்கமே என்று உலகுக்கு அறிவித்தார். ஒரு பெரும் கண்டுபிடிப்பு வானொலிப் பேச்சின் வாயிலாக வெளிவந்தது, வானொலிக்கு உரிய பெருமை எனலாம். பின்னர் ஜான் சாட்விக் அவரோடு சேர்ந்து உழைத்தார். இருவரும் எழுதிய பெருநூல் 1956-இல் வெளிவந்தது. அவ்வாண்டுச் செப்டம்பரில் வென்ட்ரிஸ் கார் விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 34.

அவ்வேடுகளில் என்ன இருந்தது? காவியமில்லை, கதையில்லை. அரண்மனைக் கணக்குகள். எண்ணெய் இவ்வளவு, ஆடு இவ்வளவு, பொற்கலம் இவ்வளவு என்ற பதிவுகள். அவற்றினிடையே தெய்வங்களுக்கு அளித்த காணிக்கைக் கணக்கும் இருந்தது. பைலாஸ் ஏடு ஒன்றில் ஜீயஸுக்குப் பொற்கலம் ஒன்று, ஹீராவுக்குப் பொற்கலம் ஒன்று என்று எழுதியிருந்தது. ‘ஜீயஸுக்கு’ என்பதை அவ்வெழுத்தர் எவ்வாறு எழுதினர்? ‘திவே’ என்று எழுதினர். பிற்காலக் கிரேக்கத்தில் தேய்ந்துபோன வகரம் அங்கே களிமண்ணில் நிலைபெற்றிருந்தது! வட்டார வழக்குகள் சிலவற்றைக் கொண்டும் வடமொழியைக் கொண்டும், இங்கு ஒரு வகரம் இருந்திருத்தல் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் கணித்திருந்தனர். ஹோமருக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்ட, ஏறத்தாழ கி.மு. 1200-ஐ ஒட்டிய ஏடு அக்கணிப்புக்குக் கைச்சாத்து இட்டது. கோளின் இருப்பிடத்தைக் கணக்கால் முன்னரே கூறி, பின்னர்த் தொலைநோக்கியில் காணும் வானநூலாரின் மகிழ்ச்சி இதில் மொழிநூலாருக்கும் வாய்த்தது.

பெயர் ஒன்றாயினும் அதன் வாழ்வு நாடுதோறும் வெவ்வேறாக அமைந்தது. கிரேக்கத்தில் வானத் தந்தை இடியையும் மின்னலையும் கைக்கொண்டு அரசனானான். உரோமிலும் அரசனானான். இந்திய நாட்டிலோ தியௌஸ் முதுமையுற்ற தந்தைபோல் பின்னே ஒதுங்கினான். வேதத்தில் அவனுக்கெனத் தனிப்பாடல் ஒன்றும் இல்லை. நிலமகளாகிய பிருதிவியோடு சேர்த்தே போற்றப்படுகிறான். இடியும் மழையும் இந்திரனிடம் சென்றன. ஆயினும் உறவின் தடம் அழியவில்லை. அசுவினி இரட்டையரை வேதம் ‘தியௌஸின் மைந்தர்’ எனப் பொருள்படும் பெயரால் அழைக்கிறது. கிரேக்கத்தில் குதிரைகளோடு தொடர்புடைய இரட்டையர்க்குத் ‘தியோஸ்கூரோய்’ என்று பெயர். ஜீயஸின் மைந்தர் என்பதே அதன் பொருள்.

‘தேவ’ என்ற கிளைச்சொல்லின் வாழ்வு இன்னும் விந்தையானது. லித்துவேனிய மொழியில் அது ‘தியெவாஸ்’ என்று வழங்குகிறது. அந்நாட்டார் 1387-இல் கிறித்தவ சமயத்தைத் தழுவியபின்னும் அச்சொல்லாலேயே கடவுளைக் குறிக்கின்றனர். பாரசீகத்திலோ சரதுஷ்டிரர் பழைய தெய்வ வழிபாட்டை மறுத்தபோது, ‘தைவ’ என்ற சொல் அரக்கனைக் குறிக்கும் சொல்லாயிற்று. அண்டை நாட்டில் வணங்கப்படும் சொல், இவ்விடத்தில் வெறுக்கப்படும் சொல்லாயிற்று. இன்றைய துருக்கி நாட்டில் வழங்கிய இத்தைத்து மொழியை 1915-இல் ஹ்ரோஸ்னி ஆராய்ந்து, இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தது என்று காட்டினார். அம்மொழியில் தியேயுஸ் என்பது ‘சியுஸ்’ என்று திரிந்து, கடவுள் என்ற பொதுப்பெயராய் நின்றது. ஒருவன் பெயர் ஓரிடத்தில் அரசனாயிற்று, ஓரிடத்தில் நிழலாயிற்று, ஓரிடத்தில் பொதுச்சொல்லாயிற்று.

மாணவர்களே, இறுதியாக ஓர் எச்சரிக்கை. மொழிகளின் உறவைக் கண்ட மகிழ்ச்சியில் சிலர் மக்களையும் அவ்வாறே பிரித்தனர். ஒரு மொழிக் குடும்பத்தைப் பேசுவோர் அனைவரும் ஒரே குருதியினர் என்றும், அக்குருதி பிறவற்றினும் உயர்ந்தது என்றும் எழுதினர். மாக்ஸ் முல்லரே 1888-இல் இதனைக் கண்டித்தார். ஆரிய இனம், ஆரியக் குருதி என்று பேசும் இனநூலார், மண்டையோட்டின் நீளத்தால் அகராதியை வகைப்படுத்தும் மொழிநூலாரைப் போன்ற பிழை செய்கின்றனர் என்பது அவர் கருத்து. அவ்வெச்சரிக்கையைப் பலர் செவிமடுக்கவில்லை. 1933 முதல் 1945 வரை செருமானியில் ஆண்ட நாசிக் கட்சியினர் அப்பொய்யைக் கொள்கையாக்கினர்; ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். சொற்களை ஆராயப் பிறந்த ஒரு கலையின் பெயர், அதனோடு தொடர்பில்லாத கொடுமைக்குத் துணையாக இழுக்கப்பட்டது. மொழி தாய்ப்பாலோடு வருவது. ஆனால் குருதியோடு வருவதன்று. எந்நாட்டுக் குழந்தையும் எம்மொழிச் சூழலில் வளர்கிறதோ அம்மொழியையே பேசும். ஆகவே மொழியுறவு என்பது சொற்களின் உறவே; மனிதரை உயர்த்தவும் தாழ்த்தவும் அதற்கு உரிமை இல்லை.

ஒரு சொல்லின் பிறப்பைக் குறித்து எவரேனும் உங்களிடம் இனிய கதை ஒன்று கூறினால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒலி மாறிய முறை அம்மொழியின் பிற சொற்களிலும் காணப்படுகிறதா? அச்சொல்லின் பழைய வடிவம் யாது? அது அம்மொழியில் பிறந்ததா, வேற்று மொழியிலிருந்து வந்ததா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை, கதையைக் கதையாகவே கேட்டு மகிழுங்கள். பிளேட்டோவுக்குக் கிட்டாத விடை நமக்குக் கிட்டியது நாம் அவரினும் அறிவாளிகள் என்பதாலன்று. பல மொழிகளை அருகருகே வைத்து, பொறுமையோடு ஒப்பிட்டுப் பார்த்த பலருடைய உழைப்பு நமக்குக் கிடைத்திருப்பதால்.

நாளைக் காலையில் கதவைத் திறந்து வெளியே வரும்போது, ஒளிபரவிய வானத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். எழுத்தறியாத பழங்கால மக்கள் அதே ஒளியைக் கண்டு, ‘தந்தையே’ என்று அழைத்தனர். ஜீயஸின் கோயில்கள் இடிந்து கற்குவியல்களாயின. அவர்கள் அழைத்த அந்தச் சொல் மட்டும் நாட்காட்டிகளிலும் அகராதிகளிலும் நம்மோடு வாழ்கின்றது.